தன் உடலில் முதலில் ஏற்றிக்கொண்டவர்: வல்தமார் ஹாஃப்கினின் வாழ்க்கையும் நமது தடுப்பூசி அச்சங்களும்

தடுப்பூசி பற்றிய பேச்சு எழும்போது நம்மவர்கள் சிலர் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. இதில் என்ன கலந்திருக்கிறது? இதைச் செய்தவர் யார்? அரசாங்கத்துக்கு நம் பிள்ளைகள் மீது திடீரென்று என்ன அக்கறை? கொரோனா காலத்தில் இக்கேள்விகள் உரக்க ஒலித்தன. பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும்போது இன்றும் மெதுவாக ஒலிக்கின்றன.

இவை புதிய கேள்விகள் அல்ல. 130 வருடங்களுக்கு முன்னர் கல்கத்தாவின் சேரிகளிலும் பம்பாயின் நெரிசலான தெருக்களிலும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன. அந்தக் கூட்டங்களுக்கு நடுவே ஊசியோடு நின்றவர் வல்தமார் ஹாஃப்கின். ஜென்னர், பாஸ்டர் ஆகியோரின் பெயர்களை அறிந்த நமது மாணவர்களில் பலர் இவரை அறியமாட்டார்கள். ஆனால் வாந்திபேதிக்கும் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி செய்து, அதை நமது அண்டை நாட்டில் இலட்சக்கணக்கானோரிடம் கொண்டுசென்றவர் அவர்தான். மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, மக்கள் அதை நம்பிக் கையை நீட்டச் செய்வது இன்னொரு வேலை என்பதை அவருடைய வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

ஒடெஸாவின் யூத மாணவர்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெஸா நகரில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் இன்று உக்ரேனில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அவருடைய ஆசிரியர் இலியா மெச்னிகோவ். உடலின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்.

யூதர் என்ற சொல்லைப் படித்ததும் சில வாசகர்களின் மனம் இன்றைய பலஸ்தீனத்தை நினைத்துக் கனக்கலாம். அந்த வேதனை நியாயமானது. ஆனால் ஒரு மனிதரை அவர் செய்த செயல்களால் எடைபோடுவதே நமக்குச் சொல்லித்தரப்பட்ட நீதி. இவருடைய இளமைக் காலம் இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு அந்நியமானதும் அல்ல.

1881இல் ரஷ்யப் பேரரசன் கொல்லப்பட்டபோது, பழி யூதர்கள் மீது விழுந்தது. ஒடெஸாவில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மாணவரான ஹாஃப்கின் தமது சமூகத்தின் வீடுகளைக் காக்க நின்ற இளைஞர்களோடு சேர்ந்து நின்று காயமடைந்தார். கைதும் செய்யப்பட்டார். மெச்னிகோவ் தலையிட்டதால் விடுதலையானார். வதந்தி ஒன்று கிளம்பி, கும்பல் கூடி, ஒரே இரவில் கடைகள் எரிவது எப்படி இருக்கும் என்பதை 2014இல் அளுத்கமையும் 2018இல் திகனயும் அக்குறணையும் பார்த்திருக்கின்றன. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் அந்த மார்ச் மாதத்தில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படிப்பை முடித்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயரும் வழி இருந்தது, ஒரு நிபந்தனையுடன். ரஷ்ய ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவத்துக்கு மாற வேண்டும். அவர் மறுத்துவிட்டார். சில வருடங்கள் ஒடெஸாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் வேலை செய்தார். 1888இல் நாட்டைவிட்டு வெளியேறி ஜெனீவா சென்றார். அடுத்த வருடம் பாரிஸில் லூயி பாஸ்டரின் நிறுவனத்தை அடைந்தபோது அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே வேலை நூலகர் வேலை. பகலில் புத்தகங்களை அடுக்கினார், மிஞ்சிய நேரத்தில் ஆய்வுகூடத்தில் கிருமிகளோடு இருந்தார்.

வாந்திபேதிக்கு ஒரு ஊசி

அக்காலத்தில் வாந்திபேதி உலகையே உலுக்கியது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் மையித்தாகிவிடும் நோய் அது. ஹஜ் பயணிகளையும் அது விட்டுவைக்கவில்லை. 1865இலும் 1893இலும் மக்காவில் ஹாஜிகள் பெருந்தொகையாக அதற்குப் பலியானார்கள். நமது மாத்தளைக்கும் அந்த நோய் பழக்கமானதே. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதை நெடுகிலும் உயிர்களைப் பறித்தன. இன்று நாம் வாகனத்தில் சில மணித்தியாலங்களில் கடக்கும் வீதியோரங்களில் பெயர் தெரியாத எத்தனையோ பேர் புதைந்திருக்கிறார்கள்.

ஹாஃப்கின் வாந்திபேதிக் கிருமியை இரண்டு விதமாக வளர்த்தார். ஒன்று வீரியம் குறைக்கப்பட்டது. மற்றது வீரியம் கூட்டப்பட்டது. முதலில் பலவீனமான கிருமியை ஊசி மூலம் ஏற்றி, சில நாட்களின் பின்னர் வலுவான கிருமியை ஏற்றினால் உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய கணிப்பு. விலங்குகளில் அது பலித்தது. மனிதரில் பலிக்குமா என்று பார்க்க அவர் வேறு யாரையும் தேடவில்லை. 1892 ஜூலை 18ஆம் திகதி தமது உடலிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தணிந்தது. அடுத்த ஊசியையும் ஏற்றிக்கொண்டார். பின்னர் நண்பர்கள் சிலர் முன்வந்தார்கள்.

பாரிஸின் பெரிய விஞ்ஞானிகள் இதனால் அசைந்துவிடவில்லை. நோய் இல்லாத ஊரில் ஊசி போட்டு எதை நிரூபிப்பது என்பது நியாயமான கேள்விதான். நோய் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். முன்னர் இந்தியாவின் வைஸ்ரோயாக இருந்து அப்போது பாரிஸில் பிரித்தானியத் தூதுவராக இருந்த டஃபரின் பிரபு, வங்காளத்துக்குப் போகும்படி ஆலோசனை கூறினார். 1893 மார்ச் மாதம் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். அவருக்கு வயது 33. அவர் படித்த வைத்தியர் அல்லர், விலங்கியலாளர். அதிலும் ரஷ்யப் பிரஜை. பிரித்தானிய அதிகாரிகள் சிலருக்கு அவர் உளவாளியோ என்ற சந்தேகம். உள்ளூர் மக்களுக்கோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஊசி என்ற சந்தேகம்.

எண்ணிப் பார்த்தவர்

முதல் வருடத்தில் வட இந்தியாவெங்கும் அலைந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பி வந்தவர்களுக்கே போட்டார். ஆனால் அவர் போன இடங்களில் அந்த வருடம் நோய் பரவாமல் இருந்தால் ஊசியின் பயனை எப்படி அறிவது?

1894இல் கல்கத்தா நகரசபையின் சுகாதார அதிகாரி சிம்ப்சன் அவரைச் சேரிகளுக்கு அழைத்தார். சேரி மக்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் ஒரே குளத்து நீரில். வாந்திபேதி அங்கே வருடந்தோறும் வரும் விருந்தாளி. காத்தல் பாகான் என்ற சேரியில் ஏறத்தாழ 200 பேர் இருந்தார்கள். நோய் அங்கே தலைகாட்டியபோது ஹாஃப்கின் குழுவினர் 116 பேருக்கு ஊசி போட்டார்கள். அதன் பின்னரும் அங்கே நோய் தொடர்ந்தது. ஆனால் புதிதாக நோயுற்றவர்கள் எல்லோரும் ஊசி போடாதவர்களாகவே இருந்தார்கள்.

அவருடைய முறையை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஓர் ஊருக்கு முழுதாக ஊசி போட்டு, வேறோர் ஊரோடு அதை ஒப்பிட்டால் நீர் வேறு, உணவு வேறு, வீடு வேறு. முடிவை நம்ப முடியாது. அதனால் ஒரே கூரையின் கீழ், ஒரே பானையில் சமைத்து, ஒரே குளத்தில் நீர் அள்ளுபவர்களில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் அவர் ஒப்பிட்டார். யார் நோயுற்றார், யார் இறந்தார் என்று ஒவ்வொருவராகக் குறித்துவைத்தார். பாதகமான முடிவுகளையும் மறைக்காமல் எழுதினார். இன்று எந்தத் தடுப்பூசியானாலும் ஊசி பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் ஒப்பிட்டே அதன் பயனை அளக்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் ஆரம்ப வரலாற்றில் கல்கத்தாவின் சேரிகளுக்கும் ஓர் இடமுண்டு.

சேரிகளில் எதிர்ப்பும் இருந்தது. கல்லெறி விழுந்தது. அப்போது அவர் பொலிஸை முன்னே அனுப்பவில்லை. தம்மோடு வேலை செய்த வங்காள வைத்தியர்களை முன்னிறுத்தினார். கூடியிருந்தவர்கள் பார்க்கும்படி முதலில் தாம் ஊசி போட்டுக்கொண்டார். தங்கள் மொழி பேசும், தங்கள் முகச்சாயல் கொண்ட வைத்தியரே ஊசி போடுவதைக் கண்ட பிறகு மக்கள் வரிசையில் வந்தார்கள்.

1895இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார். அங்கே தொழிலாளர் லயன்களில் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டார். பயன் கண்கூடாகத் தெரிந்தது. அந்த வருடத்துக்குள் ஊசி பெற்றவர்களின் தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஆனால் மலேரியா அவரையே வீழ்த்தியது. ஓய்வுக்காக இங்கிலாந்து சென்று, 1896இல் மீண்டும் இந்தியா திரும்பினார்.

பம்பாயும் பிளேக்கும்

அதே 1896இன் செப்டெம்பரில் பம்பாயில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. ஹாஃப்கின் ஒக்டோபரில் அங்கு அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கொடுத்தது ஒரு சிறு அறையும், ஓர் எழுதுவினைஞரும், பயிற்சியில்லாத மூன்று உதவியாளர்களும் மட்டுமே. நகரத்தில் பாதிப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் இராப்பகலாக வேலை செய்தார். உதவியாளர்களில் ஒருவர் மனம் உடைந்துபோனார், வேறு சிலர் விலகிச் செல்ல எண்ணினார்கள். அவர் விடவில்லை.

இந்தத் தடவை கிருமியை உயிரோடு கொடுக்கவில்லை. குடுவையில் சாறு ஊற்றி, அதன் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டு, அந்தத் துளிகளிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும்படி கிருமியை வளர்த்தார். பிறகு சூடாக்கிக் கொன்றார். செத்த கிருமியே தடுப்பூசி. சாறு தயாரிக்க ஐரோப்பாவில் வழக்கமாக மாட்டிறைச்சியைப் பயன்படுத்துவார்கள். இங்குள்ள மக்களின் மத உணர்வைக் கருதி ஹாஃப்கின் ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். இதில் என்ன கலந்திருக்கிறது என்ற நமது முதற் கேள்வியை அவர் அறியாமை என்று ஒதுக்கவில்லை. அது பதில் பெறத் தகுதியான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, தமது செய்முறையையே மாற்றினார்.

1897 ஜனவரி 10ஆம் திகதி, மற்றவர்களுக்குக் கொடுக்க எண்ணியிருந்ததைவிடப் பெரிய அளவை, 10 மில்லிலீற்றரை, தமது உடலில் ஏற்றிக்கொண்டார். கடும் காய்ச்சலும் வலியும் வந்தன. சில நாட்களில் எழுந்து வேலைக்குப் போனார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடாதவர்களில் 12 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் நோயுற்ற இருவரும் பிழைத்தார்கள். சிறைக் கைதியின் சம்மதம் உண்மையான சம்மதமா என்று இன்றைய மருத்துவ அறநெறி கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அக்காலத்தில் அந்தக் கேள்வி எழவில்லை.

அடுத்த வருடம் பரோடாவுக்கு அருகே உந்தேரா என்ற கிராமத்தில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஊசி போட்டார்கள். பின்னர் நோய் நுழைந்த 28 குடும்பங்களின் கணக்கை எடுத்தார்கள். ஊசி பெறாத 64 பேரில் 27 பேர் நோயுற்றார்கள், 26 பேர் இறந்தார்கள். ஊசி பெற்ற 71 பேரில் 8 பேர் நோயுற்றார்கள், 3 பேர் இறந்தார்கள். ஊசி போட்டால் நோயே வராது என்று அவர் சொல்லவில்லை. நோயும் மரணமும் பெருமளவு குறையும் என்றார். கணக்கும் அதையே சொன்னது.

கட்டாயம் ஒரு பக்கம், நம்பிக்கை மறுபக்கம்

அதே பம்பாயில், அதே நோயை எதிர்த்து அரசாங்கமும் ஒரு போர் நடத்தியது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். நோயாளிகளைப் பலவந்தமாக இழுத்துச் சென்றார்கள். பெண்களைப் பரிசோதித்தார்கள். மையித்துகளைச் சோதித்தார்கள், அடக்கத்தில் தலையிட்டார்கள். அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணமே தடைசெய்யப்பட்டது. புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியில் அதிகாரிகள் நோயுற்ற ஒரு பெண்ணைப் பரிசோதிக்க முயன்றபோது கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அதன் பிறகுதான் அரசாங்கம் கெடுபிடிகளைத் தளர்த்தியது.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் முஸ்லிம்கள் ஊசியை நம்ப என்ன காரணம் இருந்தது? நிஸாரி இஸ்மாயிலிகளின் இமாமாக இருந்த மூன்றாவது ஆகா கானுக்கு அப்போது இருபது வயதளவுதான். நகரத்தின் செல்வந்தர்களில் ஒருவர். வேண்டுமானால் ஊரைவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஹாஃப்கினைச் சந்தித்து விளக்கம் கேட்டார். விளங்கிக்கொண்டதும், தம்மைப் பின்பற்றுபவர்கள் பார்க்கும்படி பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. தமது மாளிகைகளில் ஒன்றான குஸ்ரு லொட்ஜை ஆய்வுகூடத்துக்கு ஒப்படைத்தார். கோஜா சமூகத்தவர் ஆயிரக்கணக்கில் வந்து ஊசி பெற்றார்கள். அவர்களிடையே பிளேக் மரணம் வெகுவாகக் குறைந்தது.

ஒரே நகரம், ஒரே நோய், ஒரே வருடங்கள். துப்பாக்கியோடு போன இடத்தில் கதவுகள் மூடின. தலைவர் தன் சட்டைக் கையை மடித்த இடத்தில் கதவுகள் திறந்தன.

1899இல் ஆய்வுகூடம் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. அங்கிருந்து 1925 வரையில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பிளேக் ஊசிகள் அனுப்பப்பட்டன.

முல்கோவால்

ஹாஃப்கினுக்கு நேர்ந்த பெரும் சோதனை 1902 ஒக்டோபர் 30ஆம் திகதி, பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் சில நாட்களில் ஏற்புவலி கண்டு இறந்தார்கள். அந்த 19 பேருக்கும் ஊசி போட்டது ஒரே போத்தலிலிருந்து. மற்றப் போத்தல்களிலிருந்து ஊசி பெற்ற எவருக்கும் எதுவும் நேரவில்லை.

பத்தொன்பது உயிர்கள் சிறிய தொகையல்ல. விசாரணை அவசியமாக இருந்தது. விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வுகூடத்தில் கிருமிநீக்கும் முறையை மாற்றியதுதான் காரணம் என்று சாய்ந்தது. ஹாஃப்கின் சம்பளமில்லாமல் ஒதுக்கப்பட்டார். 1904இல் இங்கிலாந்து திரும்பினார். இந்தியாவைப் பிளேக்கிலிருந்து காக்க வந்தவர், மக்களைக் கொன்றவராகப் பேசப்பட்டார்.

ஆனால் கிராமத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் விசாரணையில் உரிய இடத்தைப் பெறவில்லை. அந்தப் போத்தலின் அடைப்பைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்தது. உதவியாளர் அதைத் தீச்சுடரில் காட்டாமல், கிருமிகொல்லித் திரவத்தில் மட்டும் அலசிவிட்டுப் பயன்படுத்தினார். ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. ஆய்வுகூடத்திலேயே அது போத்தலுக்குள் புகுந்திருந்தால், வாரக்கணக்கில் வளர்ந்து, திறக்கும்போதே துர்நாற்றம் வீசியிருக்கும். அப்படி எதுவும் இருக்கவில்லை.

மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ் இந்த அநீதியைக் கையிலெடுத்தார். 1907 ஜூலையில் லண்டன் பத்திரிகையான டைம்ஸில் பத்து விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று அறிவித்தார்கள். அந்த வருடம் நவம்பரில் ஹாஃப்கின் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஐந்து வருடங்கள் போய்விட்டன. அந்த 1907ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிளேக்கால் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாகாணம் பஞ்சாப். முல்கோவாலுக்குப் பிறகு ஊசிமீது விழுந்த சந்தேகத்துக்கும் இந்த மரணங்களில் பங்குண்டு. விழுந்த இடுக்கியைப் பற்றிய உண்மையை உடனே வெளியே சொல்லியிருந்தால் மக்கள் எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்தறிந்திருப்பார்கள்.

பின்னர் அவருக்குக் கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். ஆனால் மக்களிடையே புதிய தடுப்பூசிச் சோதனை நடத்த அனுமதிக்கவில்லை. கைகள் கட்டப்பட்ட நிலையில் சில வருடங்கள் உழைத்து, 55 வயதளவில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் முடிக்கவில்லை. கடைசிக் காலத்தில் தமது மார்க்கக் கடமைகளில் கூடுதல் ஈடுபாடு கொண்டார். தமது சேமிப்பைக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்த யூத மார்க்கப் பாடசாலைகளுக்காக ஒரு நிதியமாக்கினார். அங்கே வேதக் கல்வியோடு விஞ்ஞானமும் தொழிற்கல்வியும் வளர வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1930 ஒக்டோபர் 26ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் இறந்தார். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர் பரேல் ஆய்வுகூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்த நிறுவனம் இன்றும் மும்பையில் இயங்குகிறது.

நமக்கு இதில் என்ன

கொரோனா காலத்தில் நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரையில் அந்தக் கொடுமை தொடர்ந்தது. பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலும் தப்பவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானமற்ற ஒன்றைச் செய்தவர்கள், சுகாதாரத் துறையின் மீது நம் பெற்றோருக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே எரித்தார்கள். 1897இல் பம்பாயில் நடந்ததும் இதுவே. நம்மவர்களின் தயக்கத்தை வெறும் அறியாமை என்று பேசுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 2018இல் அம்பாறையில் ஓர் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். சோதித்துப் பார்த்தபோது அது மாவுக் கட்டி. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது அதே கருத்தடைக் கதையைச் சுமத்தினார்கள். கருத்தடை என்ற ஒற்றைச் சொல் நம்மை எப்படிச் சுட்டது என்று நமக்குத் தெரியும். இன்று அதே சொல்லை, தடுப்பூசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்று, நம் கைப்பேசிகளிலிருந்து நாமே அனுப்பினால் அது எந்த வகையில் நியாயம்? ஆதாரமில்லாத கதையால் அடிபட்ட சமூகம் ஆதாரமில்லாத கதையைப் பரப்பலாமா?

2019இல் இலங்கை சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2023இல் அந்த நோய் மீண்டும் பரவியது. தடுப்பூசி தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஊசி போட 2024 ஜனவரியில் விசேட வேலைத்திட்டம் நடத்த வேண்டியதாயிற்று. ஒரு வகுப்பில் சில பிள்ளைகள் தவறினாலும் நோய்க்கு வாசல் திறக்கும் என்பதை ஆசிரியராகிய நான் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை ஊருக்கும் சொல்ல வேண்டிய கடமை நமக்கிருக்கிறது.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போவதையும், அங்கிருந்து வெளியேறுவதையும் நபிகளார் (ஸல்) அவர்கள் தடுத்ததை நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே படிக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் புறப்பட முடியாது. ஆகவே தடுப்பு என்ற எண்ணம் மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல.

செய்யக்கூடியவை சிறியவைதான். பாடசாலையில் ஊசி போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னர் பெற்றோரை அழைத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவரை வரவழைத்து, கேள்விகளைக் கேட்கவிடலாம். அந்தத் தாய்மாரின் மொழியில் பேசக்கூடிய ஒரு பெண் வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ வந்தால் இன்னும் நல்லது. இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பவரைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் விசாரித்துவிட்டு மறுநாள் சொல்லலாம். பக்கவிளைவு ஏதும் நேர்ந்தால் மறைக்காமல், என்ன நடந்தது என்று அன்றே விளக்க வேண்டும். சுகாதார அதிகாரிகளுக்கும் இந்தக் கடமை உண்டு.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். மாத்தளையிலும் உக்குவளையிலும் வரக்காமுறையிலும் கலேவெலயிலும் ஜும்ஆவுக்குப் பின்னர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, நமது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நாங்கள் ஊசி போட்டிருக்கிறோம் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். ஒரு துண்டுப்பிரசுரம் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.